பிரித்துத் தைத்த வரலாறு

கடலோர ஊர் ஒன்றில், டயாலிசிஸ் வார்டின் ஜன்னலோரத்தில், முன்பு மூன்று புத்தகங்கள் குடியிருந்தன. ஒன்று மாயக்கதை. மெலிந்த உடம்பு, பச்சை அட்டை, ஓயாத வாய். இன்னொன்று விண்வெளிக்கதை. எதையும் அளந்து நிறுத்துப் பேசும். மூன்றாவது வரலாறு. எழுநூற்று இருபது பக்கம், கெட்டி அட்டை, நூலால் தைத்த முதுகு. பழைய துறைமுகம் ஒன்றின் நானூறு ஆண்டு வாழ்வு அதற்குள் இருந்தது.

அந்த வார்டுக்கு வருகிறவர்கள் செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் வருவார்கள். வந்தால் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரு கையில் இரண்டு ஊசி குத்திக் குழாய் மாட்டுவார்கள். எந்திரம் ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும். குத்திய கையை அசைக்கக் கூடாது. புத்தகம் பிடிக்க மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை.

ஒரு கையில் மாயக்கதை நிற்கும். விண்வெளிக்கதையும் நிற்கும். வரலாறு நிற்காது.

தையல் வேலை பார்க்கும் ரஹ்மத் அக்கா ஒரு தடவை ஆசைப்பட்டு அதை எடுத்து வயிற்றின் மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தார். முப்பதாம் பக்கம் புரட்டும்போது புத்தகம் சரிந்து குழாயின் மேல் விழுந்தது. எந்திரம் கீ கீ என்று அலறியது. சிஸ்டர் ஓடி வந்து குழாயை நேராக்கிவிட்டு, "இந்தத் தடிப் புத்தகம் இனிமே வேண்டாம்க்கா" என்று வரலாற்றைத் தூக்கி ஜன்னலோரத்தின் கடைசி மூலையில் வைத்தார்.

"மன்னிச்சுக்கோ," என்றது வரலாறு எந்திரத்திடம்.

"நீ என்ன செய்வ? நான்தான் பயந்தாங்கொள்ளி. குழாய் லேசா மடங்கினாலே கத்திருவேன்," என்றது எந்திரம்.

அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை. மற்ற இரண்டும் கட்டில் கட்டிலாகச் சுற்றிவிட்டு வந்து கதை சொல்லும். யார் எந்த இடத்தில் சிரித்தார்கள், யார் எந்தப் பக்கத்தில் தூங்கிப்போனார்கள் என்று மாயக்கதை ஒன்று விடாமல் ஒப்பிக்கும். வரலாறு கேட்டுக்கொண்டே இருக்கும். அதன் தாள்களுக்கு நடுவே ஈரக்காற்று ஏறி ஒருவித வாடை வரத் தொடங்கியிருந்தது. அது மற்றவற்றுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று இறுக மூடிக்கொண்டிருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அமலி வந்தாள். இருபத்தெட்டு வயது. ஊசி குத்தும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியவள், அப்புறம் திருப்பவே இல்லை.

அடுத்த கட்டிலிலிருந்து ரஹ்மத் அக்கா கூப்பிட்டார். "அமலி, நான் இப்ப இதைத்தான் வாசிக்கேன். ஒரு ராணி, சாயங்காலம் ஆனா கொக்கா மாறிருதா. அவளைப் பிடிக்க ஒருத்தன் வலையோட வாரான். முடிச்சுட்டுத் தாரேன், நீ வாசி."

"வேண்டாம்க்கா."

அதற்கும் அடுத்த கட்டிலில் லாரி ஓட்டுநர் சுடலைமுத்து. அவர் விண்வெளிக்கதையைத் தூக்கிக் காட்டினார். "இது வேற மாதிரிம்மா. முந்நூறு வருசம் போற கப்பல். ஏறினவன் எவனும் போய்ச் சேர மாட்டான், அவன் பேரன் பேத்திதான் எறங்கும். இருந்தாலும் ஓட்டுறான். நம்ம தொழில்ங்கறதால எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"முந்நூறு வருசம் எனக்கு எதுக்குண்ணே?" என்றாள் அமலி சுவரைப் பார்த்தபடியே. பிறகு அவளாகவே கேட்டாள். "உண்மையா நடந்தது ஏதாச்சும் இருக்கா? நெசமாவே இருந்த மனுசங்க, பெரிய கஷ்டத்துல மாட்டிக்கிட்டு, அப்புறம் எப்படி இருந்தாங்கன்னு..."

ஜன்னலோரத்தில் மாயக்கதை வரலாற்றைப் பார்த்து, "அக்கா, உன்னையத்தான்!" என்று குதித்தது.

சிஸ்டர் தயங்கித் தயங்கி வரலாற்றை எடுத்துக் கொடுத்தார். அமலி ஒரு கையால் வாங்கினாள். முதல் பக்கத்தில் நாலு வரி வாசித்திருப்பாள். புத்தகம் சாய்ந்தது. குழாயின் மேல் விழாமலிருக்க வரலாறு தன் முழுக் கனத்தையும் மறுபக்கம் தள்ளித் தரையில் போய் விழுந்தது. அட்டையோடு முதல் தாள்களின் முனையும் நசுங்கியது.

"இதுகூட முடியலை பாருங்க," என்றாள் அமலி. மறுபடி சுவர்.

அன்று கிளம்பும்போது அவள் சிஸ்டரிடம், "ஒரு நாள் வராம இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள். சிஸ்டர் நிறையச் சொன்னார். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எந்திரம் புத்தகங்களிடம் சொன்னது. "அவ வியாழக்கிழமை வர மாட்டா. இப்படிக் கேட்டவங்களை நான் பாத்திருக்கேன்."

வியாழக்கிழமை அமலியின் கட்டில் காலியாகத்தான் இருந்தது.

ரஹ்மத் அக்கா அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிஸ்டர், அந்தத் தடிப் புத்தகத்தை எடுங்க. என் பையில தையல் பிரிக்கிற கத்தி இருக்கு, அதையும்," என்றார்.

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"பிரிச்சு அஞ்சாக்கப் போறேன். ஒரு கைக்கு அடங்குற மாதிரி."

மாயக்கதை அழுதேவிட்டது. விண்வெளிக்கதை சொன்னது: "பிரிச்சா திரும்பச் சேராது. ஒரு பாகம் வீட்டுக்குப் போகும், ஒண்ணு பஸ்ல தொலையும். ஆறு மாசத்துல உன்னில பாதி இருக்காது. யோசிச்சுக்கோ."

வரலாறு யோசித்தது. கரையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பி வந்த புத்தகம் அது. எந்தக் கையிலும் ஒரு தாள் உதிர்ந்ததில்லை. அதுதான் அதன் கௌரவம்.

"அஞ்சாப் போனா, அதுல நான் எது?" என்று அது கேட்டது.

அது எந்திரத்தின் பக்கம் திரும்பியது. "ஊசி குத்தும்போது இவங்களுக்கு வலிக்குமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"பிறகு எப்படிப் பொறுத்துக்கிடுறாங்க?"

"தெரியலை. கையை நீட்டிட்டு ஜன்னலைப் பாப்பாங்க," என்றது எந்திரம்.

ரஹ்மத் அக்காவுக்கு இடது கையில் ஊசி. சுடலைமுத்துவுக்கு இடது கை நரம்புகள் குத்திக் குத்திக் கெட்டுப்போய், ஊசி வலது கைக்கு மாறியிருந்தது. ஆக, இரண்டு கட்டிலுக்கும் நடுவே ரஹ்மத் அக்காவின் வலது கையும் சுடலைமுத்துவின் இடது கையும் சும்மா இருந்தன. நடுவில் சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டார்கள். சுடலைமுத்து புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்திப் பிடித்தார். ரஹ்மத் அக்கா கத்தியை எடுத்தார்.

"குழாய் பத்திரம்," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார்.

கத்தி சின்னது. அது வரலாற்றிடம் மெதுவாகத்தான் பேசியது. "இறுக்கிப் பிடிச்சியானா தாள் கிழியும். விட்டுக் கொடுத்தா நூல் மட்டும்தான் போகும்."

வரலாறு ஜன்னலைப் பார்த்தது. வெளியே ஒரு வேப்பமரமும் ஆம்புலன்ஸ் நிற்கும் இடமும் தெரிந்தன. அது தன் முதுகைத் தளர்த்தியது.

முதல் நூல் அறுந்தபோது உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது. இரண்டாவதில் பயம் குறைந்தது. ஐந்து பாகமாகக் கழன்று மேசையில் கிடந்தபோது ஒரு தாள்கூடக் கிழியவில்லை. உள்ளே அடைந்திருந்த ஈரவாடை வெயிலில் போய்விட்டது.

ரஹ்மத் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய், ஜாக்கெட் துணி மிச்சத்தில் ஒவ்வொன்றுக்கும் மேலுறை போட்டுத் தைத்துக் கொண்டுவந்தார். ஊதா, மாம்பழ மஞ்சள், பூப்போட்டது ஒன்று, கட்டம் போட்டது ஒன்று, கடைசிக்குத் துணி பற்றாமல் இரண்டு நிறத்தில் ஒட்டுப்போட்டது.

சனிக்கிழமை அமலியை அவள் அண்ணன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். முகம் வீங்கியிருந்தது. மூச்சு இரைத்தது. எந்திரம் அன்று ஒரு தடவைகூடக் கத்தாமல் வேலை செய்தது. இரண்டு மணி நேரம் போனதும் மூச்சு தணிந்தது. அப்போது ரஹ்மத் அக்கா ஊதா உறை போட்ட முதல் பாகத்தை அவளுடைய கையில் வைத்தார்.

அமலி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நசுங்கிய முனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "அந்தப் புத்தகமா இது? எனக்காகவா பிரிச்சீங்க?"

"உனக்கு மட்டுமா? ரெண்டாவது அண்ணன்கிட்ட இருக்கு, மூணாவதை நான் ஆரம்பிச்சுட்டேன்," என்றார் ரஹ்மத் அக்கா. "நடுவுல இருந்து வாசிக்கேன், யாரு எவருன்னே புரியலை. நீ சீக்கிரம் வாசிச்சுச் சொன்னாத்தான் எனக்கு வெளங்கும்."

அமலி வாசித்தாள். மிச்ச நேரம் முழுக்க வாசித்தாள். வீட்டுக்கும் எடுத்துப் போனாள். செவ்வாய்க்கிழமை வந்து, ஊசி குத்தும்போதும் வாசித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குத் தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, இது பாதியில நிக்கு. துறைமுகத்தை மணல் மூடிருச்சு. 'மூன்றாம் ஆண்டும் கப்பல் வரவில்லை. அப்போது அவ்வூர்ப் பெண்கள்' அப்படின்னு இருக்கு, அவ்வளவுதான். என்ன செஞ்சாங்க?"

சுடலைமுத்து இரண்டாம் பாகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். "கூடை எடுத்துட்டுப் போய் மணலை அள்ளினாங்க."

"கடல் மணலையா? கூடையிலயா?"

"ஆமா. முறை வச்சு அள்ளுதாங்க. இன்னைக்கு அள்ளினா நாளைக்கு மூடிருது. மறுபடி அள்ளுதாங்க."

"மூடுன துறைமுகம் தொறந்துச்சா?"

"நான் இருநூத்திப் பத்துல நிக்கேன். இன்னும் அள்ளிக்கிட்டுதான் இருக்காங்க."

அமலி தன் கையிலிருந்து எந்திரத்துக்குப் போகும் குழாயைப் பார்த்தாள். திரும்பி வரும் குழாயையும் பார்த்தாள். பிறகு, "எத்தனை பொம்பளைங்கண்ணே?" என்று கேட்டாள்.

"முதல்ல பதினாலு பேர். இப்ப ஊரே இறங்கிருச்சு."

எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார முடியாமல் கழுத்தை மட்டும் நீட்டி, "என்னது, என்னது? எனக்கும் சொல்லுங்க," என்றார். பேச்சு வார்டு முழுக்கப் பரவியது. நாலாம் பாகத்தையும் ஐந்தாம் பாகத்தையும் இரண்டு பேர் கேட்டு வாங்கினார்கள். கொக்கு ராணியை வலைக்காரன் பிடித்தானா என்று அமலி கேட்டதில், மாயக்கதைக்குத் தலைகால் புரியவில்லை. விண்வெளிக்கதை மட்டும், "நான் கணக்குல இதைச் சேர்க்கலை," என்று ஒத்துக்கொண்டது.

வரலாறு ஐந்து கைகளின் சூட்டை ஒரே நேரத்தில் உணர்ந்துகொண்டிருந்தது.

சுடலைமுத்து அன்று கிளம்பும் முன்பே வேக வேகமாக வாசித்து முடித்து, இரண்டாம் பாகத்தை அமலியின் பைக்குள் போட்டார்.

வியாழக்கிழமை காலை, எந்திரத்துக்கு இன்னும் சுவிட்ச் போடவில்லை. சிஸ்டர் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு, கூட யாரும் இல்லாமல், அமலி உள்ளே வந்தாள்.

"இவ்வளவு சீக்கிரமாவாம்மா வந்துட்ட?" என்றார் சிஸ்டர்.

அமலி மஞ்சள் உறைப் புத்தகத்தை நீட்டினாள். "முடிச்சுட்டேன். மூணாவதை ரஹ்மத் அக்கா முடிச்சுட்டாங்களா சிஸ்டர்?"