ஈறோரத்துப் பள்ளம்

கடலோர ஊர் ஒன்றில் செலஸ்டினா என்றொரு பல் மருத்துவர். கல்லூரியில் பாடம் நடத்தியவர். படித்து முடித்த ஜெசிந்தா அவரிடமே வந்து தொழில் பழகிக்கொண்டிருந்தாள். இன்னமும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். நோயாளி யாரும் வரவில்லை. ஜெசிந்தா தானே நாற்காலியில் சாய்ந்தாள். மடியில் ஏழு மாதப் பிள்ளை தூங்கியது.

"பல்லுல அடைச்சது மறுபடியும் விழுந்துட்டு மிஸ்."

செலஸ்டினா கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். ஈறை ஒட்டிப் பல்லில் ஆப்பு வடிவப் பள்ளம்.

"சொத்தையா மிஸ்?"

"சொத்தை எங்க? ஒரு பொட்டுகூட இல்ல. இன்னும் கொஞ்சம் தேய்ஞ்சா நரம்புதான். அப்புறம் அடைச்சுப் பிரயோஜனமில்ல." சற்று நிறுத்திக் கேட்டார். "நீ பல் விளக்குறதப் பார்த்து உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?"

"இந்தத் தேய் தேய்க்கிறியே, பாத்திரம் மாதிரி ஈயம் பூசப்போறியான்னு கேப்பார்."

செலஸ்டினா சிரித்தார். பல்லைச் சுற்றிப் பஞ்சை வைத்தார். ஈரம் போனதும் பல் நிறப் பசையைத் துளித்துளியாக வைத்து, அது இறுக நீல விளக்கைப் பிடித்தார்.

அறை முழுக்க நீலமாயிற்று. கடலுக்கடியில் படுத்திருப்பதுபோல் இருந்தது ஜெசிந்தாவுக்கு. மழை எங்கோ மேலே பெய்தது. பிள்ளையின் நெற்றியும் நீலமாய் மிதந்தது. பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிள்ளை. தொடுமுன் கையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். அவன் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். தேய்ப்பது மட்டும் நிற்கவில்லை. கை, பால்புட்டி, தரை, பல். இன்று காலை அவன் ஈறையும் தேய்த்து ரத்தம் பார்த்துவிட்டாள்.

விளக்கு அணைந்தது.

"இது எத்தன நாளு நிக்கும் மிஸ்?"

செலஸ்டினா அலமாரியிலிருந்து ஒரு குட்டி பிரஷ்ஷை எடுத்து நீட்டினார்.

"மகனுக்குப் பல்லு வந்திருக்குல்ல? விளக்கி விடு. முழிச்சிரக் கூடாது."

"தூங்குறானே மிஸ்!"

"அதுக்குத்தான்."

ஜெசிந்தா பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்தாள். பட்டதுமே பிள்ளையின் முகம் சுருங்கியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். வேர்த்தது.

அடுத்த தடவை விரல் நுனியில் பிடித்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். அரிசிமுனை அளவு பல்லின் மேல் பிரஷ் போனது, வந்தது. பிள்ளை கனவில் எதையோ சப்பிச் சிரித்தது. கண் திறக்கவில்லை.

"சுத்தமாயிட்டா?" செலஸ்டினாவும் ரகசியம்போலக் கேட்டார்.

"ஆயிட்டு மிஸ்."

"அழுத்தினியா?"

"இல்ல மிஸ். எழும்பிட்டான்னா..."

மழை விட்டிருந்தது. ஜெசிந்தா அடைத்த பல்லை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"அப்ப, என் பல்லு மிஸ்?"

செலஸ்டினா கையுறையைக் கழற்றினார்.

"அதையும் எழுப்பிராத."