கொண்டை ஊசி வளைவில் திரும்பிய தோட்டா

மாசிலாமணி அண்ணன் வாயைத் திறந்தால் மலை ஒரு அடி தள்ளி உட்காரும். இது எங்கள் கீழ்மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு நானும் ராக்கப்பனும் அவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தோம், ஏனென்றால் ஸ்டேஷன் வராந்தாவில் வேறு பெஞ்சு காலியாக இல்லை.

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் அத்தனை பேரும் அதைக் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொன்றை மடியில் கிடத்திக்கொண்டு காத்திருந்தோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரைட்டர் எட்டியப்பன் படுத்துவிட்ட கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். எதிர் பெஞ்சில் பருத்திச் சேலை கட்டிய ஒரு அம்மாள் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். ஏதோ புகார் கொடுக்க வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்தோம்.

மாசிலாமணி அண்ணனுக்கு மட்டும் இன்னொரு கவலையும் இருந்தது. அவர் லைசென்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வனத்துறை ரேஞ்சர் பார்த்து எழுதித் தர வேண்டும். பழைய ரேஞ்சர் மாற்றலாகிப் போய்விட்டார். புது ரேஞ்சர் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. ஆள் எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. துப்பாக்கி போய்விட்டால் அண்ணன், மூன்று ஏக்கரில் சௌசௌ பந்தல் போட்டிருக்கும் பத்துப் பேரில் ஒருவர், அவ்வளவுதான். அது தோளில் தொங்குவதால்தான் டீக்கடையில் "ரைபிள்காரரே, வாங்க" என்று எழுந்து இடம் விடுகிறார்கள்.

வாயைக் கிளறியவன் ராக்கப்பன். அவனிடம் இருப்பது முன்னூற்றுப் பதினைந்து ரைபிள். அதன் தோட்டா ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். என்னுடையது இரட்டைக்குழல். அண்ணனிடம் இருப்பது பாயிண்ட் டூடூ. அந்தத் தோட்டாவைப் பார்த்தால் சமையலறைக் கிராம்பு மாதிரி இருக்கும். மலை முழுக்க அதற்குக் கிராம்பு என்றே பெயர்.

"ஏண்ணே, இந்தக் கிராம்பையுமா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்? பிரியாணிக் கடையில குடுத்தாப் பத்தாதா?"

அண்ணன் துப்பாக்கியை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"சிரி மாப்ளே, சிரி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. உன் தோட்டா வெடிச்சா ஏழு ஊருக்குக் கேக்கும். பன்னிக்குக் காது இல்லையா? அது பாட்டுக்கு ஓடிப்போயிரும். என் தோட்டா அப்படியில்ல. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஒரு ஆம்பளைப் பன்னி மரவள்ளிக் காட்டுல நின்னுச்சு. வச்சேன் ஒண்ணு. சத்தமே இல்ல. அடிபட்டது தெரியாம ரெண்டு நாள் கிழங்கு தின்னுக்கிட்டே இருந்துச்சுப்பா. மூணாம் நாள் அதும் பொண்டாட்டி பாத்துச் சொல்லித்தான் கீழ விழுந்துச்சு."

உள்ளே ரைட்டர் இருமினார்.

"பொண்டாட்டி என்ன சொல்லுச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"அது குடும்ப விசயம். நமக்கெதுக்கு?"

ராக்கப்பன் விடவில்லை. "அதெல்லாம் கிட்டத்துல நிக்கிற பன்னிண்ணே. தூரத்துல ஓடுறதை உங்க கிராம்பு என்ன பண்ணும்? பாதி வழியில மூச்சு வாங்கி உக்காந்துரும்."

"தூரமா? நம்ம மலை ரோட்டுல எத்தனை கொண்டை ஊசி வளைவு?"

"பதினொண்ணு."

"ஒரு நாள் விடிகாலை, ஒரு தந்திரக்காரப் பன்னி. தோட்டத்துல பூந்து அட்டூழியம் பண்ணிட்டு, என்னைப் பாத்ததும் ரோட்டைப் புடிச்சுக் கீழ இறங்கிருச்சு. உன் தோட்டாவா இருந்தா என்ன பண்ணும்? முதல் வளைவுலயே நேராப் போய்ப் பள்ளத்துல விழும். பெரிய தோட்டாவுக்கு வேகம் இருக்கே தவிர நிதானம் கிடையாது. நான் போட்டேன். முதல் வளைவுல திரும்புச்சு. ரெண்டாவதுல திரும்புச்சு. நான் மேல பாறையில நின்னு, பஸ்ஸைப் பின்னாடி எடுக்கக் கண்டக்டர் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே இருக்கேன். வரட்டும் வரட்டும், ஒடி, லேசா ஒடி, போ ரைட்டு!"

"ஹாரன் அடிச்சுதாண்ணே?"

"நக்கல் பண்ணாத. ஏழாவது வளைவுல எதுக்க வாழைக்காய் லாரி ஏறி வருது. மலை ரோட்டுல சட்டம் என்ன? இறங்குறவன் ஏறுறவனுக்கு வழி விடணும். என் தோட்டா ஓரமா நின்னுச்சுப்பா! லாரி போறவரைக்கும் நின்னு, அப்புறம் கிளம்பிப் போய்ப் பதினொண்ணாவது வளைவுல பன்னியைப் புடிச்சுச்சு. லாரி டிரைவர் இன்னைக்கும் என்னைப் பாத்தா கும்பிடுவாரு."

எதிர் பெஞ்சு அம்மாள் ஃபைலைப் பிரித்து எதையோ எழுதினார். ரைட்டர் மறுபடி இருமினார். இந்த முறை இருமலோடு கண்ணும் ஏதோ சொல்லிற்று. அண்ணனுக்கு அது பிடிபடவில்லை.

"ரைட்டரய்யா, தொண்டைக்கு ரெண்டு கிராம்பை வாயில அடக்கிக்கிங்க. அட, கிராம்புன்னதும் ஞாபகம் வருது. யானைக் கதை சொல்லலையே உங்களுக்கு!"

"வேணாம் மாசிலாமணி," என்றார் ரைட்டர்.

நிறுத்தினால் அவர் மாசிலாமணியா? பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து வந்துவிட்டார்.

"ஒத்தைக் கொம்பன் ஒண்ணு. பத்து நாளா மலையைப் பிரட்டி எடுத்துருச்சு. வாழையைச் சாய்க்கும், ஆனா திங்காது. எல்லாரும் மதம்னாங்க. நான் ஒருத்தன்தான் சொன்னேன், மதம் இல்லடா, பல்லு வலின்னு. யானைப் பல்லு ஒவ்வொண்ணும் அம்மிக்கல்லுத் தண்டி. அதுல சொத்தை விழுந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு. எனக்கு மனசே கேக்கலை. காலையில ஓடையில தண்ணி குடிக்க வந்து, வலி தாங்காம வாயைத் திறந்து ஒரு பிளிறு பிளிறுச்சு. உள்ள பாத்தேன். கடைவாய்ப் பல்லு, இடது பக்கம், ஓட்டை. வச்சேன் ஒண்ணு. நேராப் போய் ஓட்டையில உக்காந்து அடைச்சிருச்சு. உன் முன்னூத்திப் பதினஞ்சு அந்த ஓட்டைக்குள்ள நுழையுமா? பல்லு பேந்துல்ல போகும்! கிராம்புன்னு பேர் வச்சது நீங்கதானடா? பல்லு வலிக்கு வேற என்ன மருந்து?"

"யானை என்ன செஞ்சது?"

"தும்பிக்கையை என் தலையில வச்சு ஆசீர்வாதம் பண்ணுச்சு. இப்பவும் வருசா வருசம் வந்து வாயைத் திறந்து காட்டிட்டுப் போகுது."

ராக்கப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். எதிர் பெஞ்சு அம்மாள் சிரிக்கவில்லை.

"யானையைச் சுட்டது எந்த வருஷம்?" என்று கேட்டார்.

"நீங்க யாரு தாயி?"

"செண்பகவல்லி. புது ரேஞ்சர்."

ரைட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரேஞ்சரம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"உங்க லைசென்ஸ் விஷயமாத்தான் வந்தேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. யானையையும் பன்னியையும் சுட்டது நிஜம்னா கேஸ். யானைக்கு மட்டும் ஏழு வருஷம் வரைக்கும் போகும். சுடலைன்னா, சுடாத துப்பாக்கி உங்களுக்கு எதுக்கு? புதுப்பிக்க வேண்டாம்னு எழுதிருவேன்."

அண்ணன் முகத்தில் வேர்த்துவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. "பொய்யின்னு சொல்லிருங்கண்ணே" என்று ராக்கப்பன்கூடக் காதில் கிசுகிசுத்தான். அந்த ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து இதுவரை வந்ததே கிடையாது.

ரைட்டர் இரக்கப்பட்டு இடையில் புகுந்தார். "அம்மா, தோட்டாப் பெட்டியைப் பாத்தாத் தெரிஞ்சிரும். லைசென்ஸ் புக்குல ஒரே ஒரு பெட்டிதான் வாங்கினதா இருக்கு. வாங்கிப் பதினாலு வருஷம் ஆச்சு."

அண்ணன் பைக்குள் கையை விட்டுப் பெட்டியை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. கடைக்காரர் மூடிமேல் ஒட்டிய தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. ரைட்டர் பிளேடால் கீறித் திறந்தார். ஐம்பது தோட்டாவும் அசெம்ப்ளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"ஐம்பதும் இருக்கே," என்றார் ரேஞ்சரம்மா. "யானைப் பல்லுக்குள்ள போனது எது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாசிலாமணி அண்ணன் குனியவில்லை. அவர் முகம் திடீரென்று வெளிச்சமாயிற்று.

"அதாம்மா இந்தத் தோட்டாவோட பெருமையே! வேலை முடிஞ்சா வீட்டுக்குத் திரும்பி வந்துரும்."

"பல்லை அடைச்சதுமா?"

"வலி தீந்ததும் கழண்டு வந்துருச்சும்மா."

"வந்து, வெடிமருந்தையும் நிரப்பிக்கிட்டு, பெட்டிக்குள்ள படுத்து, மேல தாளையும் ஒட்டிக்கிச்சாக்கும்?" என்றான் ராக்கப்பன்.

"வளத்த வளப்பு அப்படி மாப்ளே."

ரேஞ்சரம்மா பேனாவைத் திறந்தார். "நல்லது. தானாப் போய்த் தானா வர்ற தோட்டாவுக்குத் துப்பாக்கி எதுக்கு? அதை இங்கேயே விட்டுட்டுப் போயிருங்க."

அண்ணன் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தானம்மா அது திரும்பி வரும்?" என்றார். பிறகு, "இது தோள்ல இல்லேன்னா ஊருக்குள்ள என்னை ஒருத்தரும்…" என்று நிறுத்திவிட்டார். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ரேஞ்சரம்மா பேனாவைத் தாள்மேலிருந்து எடுத்தார்.

"நிஜத்துல பன்னி வந்தா என்ன செய்வீங்க?"

"தகரம் தட்டுவேம்மா," என்றார் அண்ணன். எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார். கேட்டுவிட்டது.

ரேஞ்சரம்மா நான்கு வரி எழுதி ரைட்டரிடம் நீட்டினார். எழுதியதை வாசித்துக் காட்டித்தான் அண்ணனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எட்டியப்பன் எழுந்து நின்று, கோர்ட்டில் வாசிப்பது போல வாசித்தார்:

"மேற்படி நபர் துப்பாக்கி வைத்திருப்பதால் வனவிலங்குகளுக்கோ வேறு எந்த உயிருக்குமோ நாளது தேதி வரை யாதொரு ஆபத்தும் ஏற்பட்டதில்லை. இனியும் ஏற்படாது. புதுப்பிக்கலாம்."

"ஐயா, எனக்குச் சரியாக் கேக்கலை. இன்னொரு வாட்டி சத்தமா வாசிங்க," என்றான் ராக்கப்பன்.

ரைட்டர் இன்னொரு வாட்டி சத்தமாக வாசித்தார். அண்ணன் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த 'இனியும் ஏற்படாது' மட்டும் வேணாமே. அடிச்சிருங்களேன்."

"அடிச்சா லைசென்ஸும் சேந்து போயிரும். பரவாயில்லையா?"

மாசிலாமணி அண்ணன் கையெழுத்துப் போட்டார்.