சாம்பிராணி போட்ட புகைவண்டி

ஒரு ஊர்ல ஒரு வாக்குத் தவறின மனுசர் இருந்தார். பேரு தெய்வசிகாமணி. உங்க அப்பத்தாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். வயசுல மூத்தவரு, அதனால மரியாதையாவே சொல்றேன். நீ பாதியில தூங்கிட்டாலும் பேர மறந்துடக் கூடாது. ம் சொல்லு.

அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தென்னந்தோப்பு. வெளிநாடு போன இடத்துல, ஒரு வீட்டுத் தோட்டத்துல குட்டி ரயில் ஓடறதப் பாத்துட்டு வந்துட்டார். பொம்மை ரயில் இல்ல அம்மிணி. பூனை அளவுதான் இஞ்சின், ஆனா நெசமாவே உள்ள நெருப்பு எரியும், தண்ணி கொதிக்கும், ஆவி தள்ளித்தான் சக்கரம் சுத்தும். அது நம்ம தோப்புலயும் ஓடணும்னார்.

தண்டவாளம் யாரு போடறது? நான்தான். "போட்டுக் குடுங்க மாப்பிள்ளை, மொத விசில் உங்க கையாலதான்"னார். அந்த ஒரு விசிலுக்காக கோடை முழுக்கக் குனிஞ்சேன். தென்னை வேரு, எறும்புப் புத்து, எல்லாத்தையும் சுத்தி வளைச்சுப் போட்டேன். இடுப்பு இன்னும் நிமிரல.

அப்புறம் இஞ்சின் தேர்ந்தெடுக்கணுமே? கோயமுத்தூர்ல இருந்து யூசுப் பாய்னு கடைக்காரர் பெட்டியத் தூக்கிட்டு வந்தார். மொத இஞ்சின் ஸ்பிரிட் விளக்குல ஓடறது. பத்த வெச்சார். புஸ்... புஸ்... கெளம்புச்சு. அப்போ பாலக்காட்டுக் காத்து வந்துச்சு பாரு, உஃப். விளக்கு அணைஞ்சு போச்சு. மச்சான் ரெண்டு ஆள விட்டு இஞ்சினுக்குக் குடை புடிக்கச் சொன்னார். குடை பறந்து மட்டையில தொங்குச்சு. இஞ்சின் வேண்டாம்னுட்டார்.

ம்?

ரெண்டாவது கேஸ்ல ஓடறது. அடடா, அதுதான் இஞ்சின். சுக்கு சுக்கு சுக்குன்னு, ஒரு வளைவுலயும் தடுமாறல. நான் விசில் கம்பியில வெரல வெச்சுட்டேன். அப்போ மச்சான் நிறுத்தச் சொன்னார்.

"பாய், புகை எங்க?"

கேஸுக்குப் புகை வராது, வெயில்ல ஆவியும் கண்ணுக்குத் தெரியாதுன்னு பாய் பொறுமையாச் சொன்னார். மச்சான் மேடையேறித் தமிழ் பேசறவராச்சே, விடுவாரா? "தமிழ்ல இதுக்குப் பேரு என்ன? புகைவண்டி. ஆவி இட்லிச் சட்டியிலயும் வருது, அத வண்டிம்பீங்களா?"ன்னார். பாய் அத எடுத்து உள்ள வெச்சுப் பெட்டிய மூடிட்டார். என் வெரலு கம்பியில இருந்து எறங்குச்சு.

அப்புறம் மூணாவது, கரி இஞ்சின். குபு குபு குபு. மச்சான் வெள்ள வேட்டியில குனிஞ்சு பாத்தார். நிமிர்ந்தப்போ கரிச்சட்டி கழுவினவர் மாதிரி இருந்தார். லொக்கு லொக்குன்னு இருமி முடிச்சுட்டு, "புகை சரி, வாசம் சரியில்ல"ன்னார்.

தூங்கிட்டியா? ம்.

கடைசியில எதத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? பேட்டரி இஞ்சின். நெருப்பில்ல, தண்ணியில்ல. புகைபோக்கியில ரெண்டு கங்கு போட்டு மேல சாம்பிராணியத் தூவிட்டார். கமகமன்னு தோப்ப வலம் வந்துச்சு. வந்த விருந்தாளியெல்லாம் எழுந்து கும்புட்டாங்க. ஒரு அம்மா புகைய ரெண்டு கையால அள்ளிக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. மச்சானுக்கு அவ்வளவு பெருமை.

நான் பக்கத்துல போய், "மச்சான், என் விசிலு?"ன்னேன்.

"அது நெருப்பு ரயிலுக்குச் சொன்னது மாப்பிள்ளை. இதுல விசில் தானா வரும்"னார். ஒரு பொத்தான அமுத்துனார். கூ...ன்னு ஒலிபெருக்கி கத்துச்சு.

அந்த ரயிலு இன்னைக்கும் நான் போட்ட தண்டவாளத்துலதான் ஓடுது. நல்ல நாளு, பெரிய நாளுக்கு அங்க போவோம். அவரு பலகாரம் குடுப்பாரு, காப்பி குடுப்பாரு. விசிலப் பத்தி மட்டும் மூச்சு விட மாட்டாரு. நானும் திங்க மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா மறக்க மாட்டேன்.

கதை நின்னுருச்சு, கண்ண மூடு. அந்த ஒரு கூ மட்டும் எனக்கு இன்னும் வர வேண்டியிருக்கு.