ஒரு கட்டு விறகும் பத்துக் கோடாலிகளும்

காக்காயும் ராஜாவும் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்த காலத்தில், தாழையூர் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருடைய அரண்மனையில் அரிசி, புளி, உப்பு, விறகு எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஓர் உக்கிராணக்காரர் இருந்தார். பெயர் ஆபத்சகாயம். இந்தக் கதையில் முட்டாள் அவர்தான்.

முட்டாள் என்று நான் தைரியமாகச் சொல்லலாம். அவர் என் பாட்டனாருக்குப் பாட்டனார். அவருடைய மூக்கும் எனக்கு வந்திருக்கிறது, மூளையும் வந்திருக்கிறது. மூக்கைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. தாழையூருக்கு விறகெல்லாம் மலையிலிருந்து ஆற்றில் மிதந்துதான் வரும். ஆறு வறண்டது, விறகும் நின்றது. அரண்மனையிலோ தினமும் முந்நூறு பேருக்கு உலை வைக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே ஓர் இலுப்பைத் தோப்பு இருந்தது. அதன் கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெயில்தான் ஊர் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஓர் இலுப்பை நன்றாகக் காய்க்க ஒரு தலைமுறை ஆகும். வெட்டுவதற்கு அரை நாள் போதும்.

ஆடி பிறந்த அன்று ராஜா ஆபத்சகாயத்தைக் கூப்பிட்டார்.

"கையில இருக்கிறது ரெண்டு மாச விறகு. ஐப்பசி மழை வர மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் இதை இழுத்துப் பிடிச்சா தோப்பு தப்பிச்சது. இல்லேன்னா வெட்டத்தான் வேணும். உம்மால முடியுமாய்யா?"

"என் பேரே ஆபத்சகாயம், மகாராஜா!" என்றார் நம்மவர். யோசித்துப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

முதல் பத்து நாள். விறகு திருட்டுப் போனால் என்ன ஆவது என்று நாற்பது காவலாளிகளை வேலைக்கு வைத்தார். "மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல கொஞ்சம் செலவு பண்ணத்தான் வேணும்!" என்றார். நாற்பது பேரும் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அதற்கும் அடுப்பு எரிந்தது.

அடுத்த பத்து நாள். பழைய அடுப்பு விறகைத் தின்கிறது என்று புது அடுப்பு ஐம்பது கட்டச் சொன்னார். "மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல கொஞ்சம் செலவு பண்ணத்தான் வேணும்!" என்றார். அடுப்புக்குச் செங்கல் வேண்டும். செங்கலுக்குச் சூளை வேண்டும். சூளை எட்டு வண்டி விறகை விழுங்கியது.

கடைசிப் பத்து நாள். முந்நூறு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைத்தால் ஒரே தீ போதுமே என்று யானை குளிக்கும் அளவுக்கு ஒரு வெண்கலக் கொப்பரை வார்த்தார். "மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல கொஞ்சம் செலவு பண்ணத்தான் வேணும்!" என்றார். வார்க்க ஆறு வண்டி விறகு ஆயிற்று. வார்த்து முடித்தபோது மூடி செய்ய வெண்கலம் போதவில்லை. மூடியில்லாத கொப்பரையில் காலையில் வைத்த உலை சாயங்காலம்தான் கொதித்தது.

சிரிக்காதீர்கள். இனி கடையில் பை வாங்கிக் காசை வீணாக்கிக் குப்பையைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்து, அதற்காக நான் காசு கொடுத்து வாங்கிய துணிப்பைகள் மட்டும் என் வீட்டில் நாற்பது இருக்கின்றன. கடைக்குப் போகும்போது ஒன்றுகூட கையில் இருப்பதில்லை. ரத்தம் அப்படி.

ஆடி முடிந்தது. மிச்சம் இருந்த விறகு இருபது நாளைக்கு. ராஜா வெளியூரிலிருந்து மரம் வெட்டிகள் பத்துப் பேரை வரவழைத்தார். பத்துப் பேரும் கோடாலியைத் தீட்டிக்கொண்டு தோப்பு ஓரமாக உட்கார்ந்தார்கள். அன்று தாழையூரில் பல வீடுகளில் பெண்கள் அழுதார்கள்.

ஆபத்சகாயம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கொல்லைப்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சித்திரையில் அரண்மனை உத்தியோகஸ்தர் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி விறகு கொடுத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் அது ஆனியிலேயே தீர்ந்துவிட்டது. இவர் வீட்டிலோ பாதி வண்டி அடுக்கியபடி இருந்தது.

ஒரு வண்டி விறகு எத்தனை நாள் வரும் என்று அவருக்குத் தெரியாதா? உக்கிராணக்காரர் அல்லவா!

"செங்கமலம்! எங்கேருந்துடி திருடினே?" என்று மனைவியைக் கேட்டார்.

செங்கமலம் முதலில் சிரித்தாள். அவர் நிஜமாகத்தான் கேட்கிறார் என்று புரிந்ததும் அவள் கண் நிறைந்தது. "நீங்க குடுத்த வண்டிதாங்க இது" என்று மட்டும் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். நேர்மையில் எங்கள் வம்சத்தை மிஞ்ச ஆளில்லை. நேராக அரண்மனைக்குப் போய், "மகாராஜா, என் பெண்டாட்டி ஒரு விறகுத் திருடி" என்று தானே புகார் கொடுத்தார்.

ராஜா செங்கமலத்தை அழைத்துக் கேட்டார். அவள் கை கூப்பினாள்.

"மகாராஜா, விறகை மிச்சம் பிடிக்க இவர் ஊரெல்லாம் ஓடினார். வீட்டு அடுப்பங்கரையை ஒரு நாள் எட்டிப் பார்க்கலை. எனக்கு ஒரே ஒரு கட்டு விறகு குடுங்க. அந்தக் கோடாலிக்காரங்க பத்துப் பேருக்கும் நான் சமைச்சுப் போடறேன்."

அரண்மனைத் தலைமைச் சமையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பத்துப் பேருக்கு அவர் மூன்று கட்டு எரிப்பவர்.

"சரி. நீ ஜெயிச்சா தோப்பு நிற்கும். உன் பேச்சுப்படி அரண்மனை அடுப்பு எரியும். தோத்தா மரமும் விழும், திருடின்னு நீயும் ஊரை விட்டுப் போகணும்" என்றார் ராஜா.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாடு, மகாராஜா. பருப்பை இப்பவே ஊற வைக்கணும்" என்றாள் செங்கமலம். நாளைக் கடத்துகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆபத்சகாயமும் அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் அரண்மனை முற்றத்தில் ஊரே கூடியது. செங்கமலம் விறகைச் சிராய் சிராயாகப் பிளந்து, காலை வெயிலில் காய வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றினாள். பிறகு மூன்று கல் வைத்து, ஊறிய பருப்பை ஏற்றி, மூடி போட்டாள். அது பாதி வெந்ததும் மூடியோடு இறக்கி அடுப்போரம் வைத்துவிட்டு, சோற்றுப் பானையை ஏற்றினாள். அதற்கு மூடியாக ஒரு சட்டியை வைத்து, அதில் கீரையை அடக்கினாள். கீழே ஒரு தீ, மேலே இரண்டு சமையல்.

சோறு பாதி வெந்தது. அவள் சட்டென்று தீயை மணல் போட்டு அணைத்துவிட்டாள்!

கூட்டம் "ஐயோ" என்றது. அவளோ பதறாமல் இரண்டு பானைகளையும் வைக்கோல் திணித்த பெரிய கூடைக்குள் இறக்கி, கிழிந்த பழஞ்சேலைகளைச் சுற்றி, மேலே முறத்தைக் கவிழ்த்து மூடினாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபத்சகாயத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தரம் முறத்தைத் தூக்கப் போனார். "தொடாதீங்க" என்றாள். இரண்டாம் தரம் போனார். "சூடு போயிடும்ங்க" என்றாள். மூன்றாம் தரமும் போனார்.

"சும்மா இருக்க முடியலைன்னா, ரெண்டு கையாலயும் அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க!"

அவர் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் அவர் செய்த உருப்படியான முதல் வேலை அதுதான்.

அப்போதுதான் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடக் கூப்பிடுவாள், முணுமுணுத்திருக்கிறார். குளிக்கும் தண்ணீர் வாழைக்குப் போகும்படி கல்லை மாற்றிப் போட்டாள்; சலித்துக்கொண்டிருக்கிறார். பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரிப்பாள். விருந்தாளிகள் எதிரில் "கஞ்சப் பிசினாறி" என்று கேலி செய்திருக்கிறார். அந்தக் கஞ்சத்தனத்தில் வெந்த சோற்றைத்தான் பதினெட்டு வருஷமாகச் சாப்பிட்டுவந்தார். கூடையைப் பிடித்தபடியே அவர் வெட்கத்தில் வியர்த்துப் போனார்.

உச்சிப்பொழுது ஆனது. செங்கமலம் கூடையைத் திறந்தாள். குப்பென்று ஆவி எழுந்தது. சோறு பூவாய் வெந்திருந்தது. பருப்பு குழைந்திருந்தது. கோடாலிக்காரர்கள் பத்துப் பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவன் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினான். விறகுக் கட்டில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே கிடந்தது. மணலில் புதைந்த கொள்ளியை எடுத்து, "இது நாளைக்குக் கரி" என்றாள் அவள்.

ராஜா தோப்புப் பக்கம் பார்த்தார். பிறகு மரம் வெட்டிகளுக்கு வழிச்செலவு கொடுத்து ஊருக்கு அனுப்பச் சொன்னார். உக்கிராணச் சாவியைச் செங்கமலத்தின் கையில் கொடுத்தார். இருபது நாள் விறகில் அவள் அறுபது நாளை ஓட்டினாள்; ஐப்பசியில் மழையும் வந்தது. அது பிந்தைய கதை. அன்று சபையில் ஒரு காரியம் பாக்கி இருந்தது.

"குற்றமில்லாதவளைத் திருடின்னு சொன்னவருக்கு என்ன தண்டனை? நீயே சொல்லம்மா" என்றார் ராஜா.

ஆபத்சகாயம் தலை நிமிரவில்லை. "தப்பு என்னோடதுதான், செங்கமலம்" என்றார் மெதுவாக.

செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தண்டனை எல்லாம் வேண்டாம், மகாராஜா. இவரை என்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. பழசானாலும் எதுக்காவது ஆகும். நான் எதையும் தூக்கிப் போடறதில்லை."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவும் சிரித்தார். கடைசியில் ஆபத்சகாயமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

ஆகையால் கேட்டவர்களே, சேமிக்க வேண்டும் என்று புதிதாக எதையும் வாங்கப் புறப்படும் முன், வீட்டில் இருப்பதையும் வீட்டில் இருப்பவரையும் ஒரு தரம் ஒழுங்காகப் பார்க்க வேண்டும்.