தளபதி மேல் செருப்புக்கால்

வியட்நாம் அரண்மனை வாசலில் ஒன்பது வெண்கலப் பீரங்கிகள். ஒருநாளும் வெடித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் மகாதளபதிப் பட்டம் கொடுத்திருந்தார் பேரரசர்.

அவற்றைத் துடைப்பவள் லியென். புதிதாக வந்த உபதளபதி துவாங், ஒரு பீரங்கிமேல் செருப்புக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அதட்டினார்.

“சாயங்காலத்துக்குள்ள ஒன்பதையும் எனக்கு மரியாதையா என் வீட்டைப் பார்த்துத் திருப்பி வை. இல்லேன்னா நூறு கசையடி!”

யானை கட்டி இழுத்தாலும் அசையாத பீரங்கிகள் அவை.

லியென் கும்பிட்டாள். “துடைக்கிறவ சொல்லி மகாதளபதி திரும்புவாரா, ஐயா? நீங்களே உத்தரவு போடுங்க. ஆனா ஒரு சந்தேகம். மேலதிகாரி மேல கால் வெச்சா என்ன தண்டனை?”

“நூறு கசையடி,” என்றான் வாயிற்காவலன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

துவாங்கின் கால் சட்டென்று இறங்கியது. ஒன்பது பீரங்கிகள் முன்னும் மண்டியிட்டு எழுந்தார்.

லியென் துணியை நீட்டினாள். “செருப்புத்தடம் அப்படியே இருக்கு, ஐயா.”

உபதளபதி துடைத்தார்.