சுடாத பாறை

"இத்தனை வருஷம் தவம் இருந்தும் நீங்க ஏம்மா முனகுறீங்க?" என்று கேட்டார் மாசிலாமணி.

மடத்துத் தலைவி ஞானாம்பிகை அம்மாள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வயதில் பிடித்த மூட்டுவாதம். இப்போது நாற்பத்து நான்கு. கைவிரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன.

"வலிக்குது. முனகுறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாசிலாமணிக்கு இது போதவில்லை. வயது அறுபத்தொன்று. லாரிப் பட்டறை வைத்து, நாலு பேரை அதட்டிப் பிழைத்தவர். பதினோரு வருடமாகச் சர்க்கரை நோய். அதை விரட்டத்தான் மடத்துக்கு வந்தார்.

மாத்திரையை விடாதீர்கள் என்று அம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவரோ டப்பாவைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு தினமும் மலைக்கோயில் ஏறுவதாக நேர்ந்துகொண்டார். ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள்.

அன்று நாற்பத்தோராவது நாள்.

"என் விஷயத்தைக் கேளுங்க," என்றார். "ராத்திரியானா காலு ரெண்டும் திகுதிகுன்னு எரியும். மூணு வருஷமா சரியாத் தூங்கினதில்ல. இங்க வந்த ஒரே மாசத்துல எரிச்சல் போன இடம் தெரியல. மாத்திரை இல்லாமலே நோய் விட்டுடுச்சு."

அம்மாளின் முனகல் நின்றது.

"மாத்திரை போடலையா?"

"எதுக்குப் போடணும்? இங்க பாருங்க."

வெளியே போனார். பங்குனி வெயில். உச்சிப் பொழுது. வாசலுக்கு எதிரே இருந்த பாறையில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு ஓடியது ஒரு நாய். அந்தப் பாறையின் நடுவில் போய்க் கைகட்டி நின்றார் மாசிலாமணி.

"சுடலையா?"

"துளிகூட இல்ல. உடம்பை ஜெயிச்சவன் முனக மாட்டான்மா."

அம்மாள் வாசல்வரை வந்தார்.

"இப்படி நிழலுக்கு வந்து, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டுங்க."

மாசிலாமணியின் முகம் மாறியது.

"குருவுக்குக் காலடியைக் காட்டுறதா? செத்தாலும் மாட்டேன்."

"நீங்களாவது பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்தத் தொப்பைக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் குனிந்து பார்ப்பது எங்கே? முள் குத்தினால் விளக்கைக் கொண்டுவந்து பார்க்க வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவள் போய் ஆறு வருடம்.

மடத்தில் சமைக்கும் தங்கக்கிளி துடைப்பத்தோடு மலைப்படிகளில் இறங்கி வந்தாள்.

"படியெல்லாம் யாரு குங்குமத்தைக் கொட்டினது? தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

"நானாத்தான் இருக்கும். பிரசாதம் கொண்டு வந்தேன். கை தவறியிருக்கும்," என்றார் மாசிலாமணி.

"ஒரு படி விட்டு ஒரு படியாவா கை தவறும்?"

மாசிலாமணி வலது காலைச் சற்றே நகர்த்திப் பார்த்தார். பாறையில் ஈரமாக ஒரு கறை இருந்தது.

காலைத் திரும்ப அதன் மேலேயே வைத்தார்.

"இன்னும் ஏழு நாள்தாம்மா. முடிச்சிட்டுப் பார்த்துக்கிறேன்."

"ஏழு நாள்ல காலையே வெட்டி எடுக்கும்படி ஆயிடும்."

"நடுவுல விட்டா நோய் திரும்பி வந்துடும்."

"திரும்பி வர்றதுக்கு அது எங்க போச்சு?"

அவர் நகரவில்லை.

"சரி," என்றார் அம்மாள். "நேர்ந்தது குறையக் கூடாது. மிச்சத்தை நான் ஏறுறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் மாசிலாமணி நினைத்தார். அம்மாள் போய்க் கொதிக்கும் முதல் படியில் காலை வைத்தார். முனகினார். அடுத்த படி. அதற்கும் முனகினார்.

"நல்லா வேடிக்கை பாருங்க," என்றாள் தங்கக்கிளி. "ஜெயிச்சவரு இல்லையா நீங்க."

"இறங்குங்கம்மா. படி சுடும்," என்று கத்தினார் மாசிலாமணி.

"சுடுது."

"முட்டி தாங்காது."

"தாங்கல."

"அப்புறம் எதுக்கு ஏறுறீங்க?"

"உங்க காலு சொல்ல மாட்டேங்குது. என் காலாவது சொல்லட்டும்."

ஒன்பதாவது படியில் முட்டி மடங்கியது. அம்மாள் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். அப்போது வந்த சத்தத்தை மாசிலாமணி மனிதர்களிடம் கேட்டதில்லை. அம்மாள் எழுந்தார். பத்தாவது படிக்குக் காலைத் தூக்கினார்.

மாசிலாமணி பாறையை விட்டு வந்து வேப்பமர நிழலில் பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, வலது காலைப் படிகளை நோக்கி நீட்டினார்.

"இறங்கி வாங்கம்மா. வந்து பாருங்க."

அம்மாள் தங்கக்கிளியின் தோளைப் பிடித்து இறங்கி வந்தார். முனகிக்கொண்டே எதிரில் உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்து மடியில் வைத்தார். மாசிலாமணி இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அம்மாள் விடவில்லை.

தோல் வெந்து வெளுத்துச் சுருண்டிருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. குழிக்குள் எதுவோ மின்னியது.

"கண்ணாடிச் சில்லு. எப்போ ஏறிச்சு?"

"தெரியல."

"நேத்தா? போன வாரமா?"

"தெரியலம்மா."

"தங்கக்கிளி, ஓடிப் போய் ஆட்டோ கூட்டிட்டு வா. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

அவள் போனாள். அம்மாள் கோணல் விரலால் குழியின் ஓரத்தை மெல்ல அழுத்தினார். சீழ் வந்தது.

"வலிக்குதா?"

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்.

"வலிக்கலம்மா," என்றார். "பயமா இருக்கு."