கர்னல் சொன்ன பாஸ்

திரைக்கு அப்பால் "பாஸ்!", அதாவது இதற்கு மேல் ஏற்றவில்லை, என்று கர்னல் பூவராகனின் குரல் கேட்டது. அந்த பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பில், ஆட்டத்துக்கு முன் எண்ணை ஏற்றி ஏற்றிக் கூறும் ஏலம் முடிந்த பிறகுதான் டீ வைக்கலாம். டீ கொடுக்கும் வேலையிலிருந்த செபஸ்தியான் போய் வைத்தான்.

'கேம்' என்ற இலக்கை எட்ட, நாலு ஹார்ட் வரை ஏற வேண்டிய சீட்டு. ஏலமோ இரண்டிலேயே நின்றிருந்தது.

"ஏலத்து நடுவுல டீயை நீட்டி என் கவனத்தைக் கெடுத்துட்டியே! நாளையிலேருந்து வேலைக்கு வராதே!" என்று கர்னல் அவன் மீது பாய்ந்தார்.

"ஐயா, கூட ஆடுறவரோட முதல் பதிலே ரெண்டுன்னு வந்துட்டா, கேம் எட்டுற வரைக்கும் ஜோடியில யாரும் பாஸ் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் பாடம் நடத்துனீங்க? இன்னைக்கும் ரெண்டுன்னுதான் பதில் வந்துச்சு; அப்புறம் நீங்களே பாஸ் சொன்னதும் கேம் எட்டி ஏலம் முடிஞ்சாச்சுன்னு நம்பிட்டேன். உங்க பேச்சை நம்புனது தப்பாங்கய்யா?"

ஜோடியாக ஆடிய டாக்டர் சுலோசனா வாய்விட்டுச் சிரித்தார். "கர்னல், இப்போ யாரை வெளியே அனுப்பலாம்? நீங்களே சொல்லுங்க."

கர்னல் மீசையைத் தடவினார். "சரி, சரி. டீயில சர்க்கரை பத்தலை."

செபஸ்தியானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துவரப் போனான்.